முழங்கால் தண்ணீரில் கயாக்: கபிஸ்தலத்திலிருந்து சுவாமிமலை வரை

காற்றடைத்த கயாக்கை ஏரியிலும் கழிமுகத்திலும் ஓட்டுவது பெரிய சிரமம் இல்லை. நம் காவிரியில் கதை வேறு. ஓரிடத்தில் கணுக்கால், பத்தடி தள்ளி முழங்கால், அடுத்த வளைவில் ஆள் மூழ்கும் ஆழம். அப்படிப்பட்ட ஆற்றில் இறக்குவதற்காக ஒரு பழைய கயாக்கை நானும் என் மச்சானும் எப்படித் தயார் செய்தோம், எந்தத் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தோம், வழியில் என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன். துடுப்புப் போடுவது இதில் சின்னப் பங்குதான். படகின் அடிப்பாகமும் ஆற்றின் நீரளவும்தான் இந்த வேலையின் முக்கால் பாகம்.

முதலில் படகு. இருவர் உட்காரும் பி.வி.சி. கயாக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நீளம் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் 90 செ.மீ. இடது, வலது, தரை என்று மூன்று தனித்தனிக் காற்றறைகள். ஒன்றில் காற்று போனாலும் மற்ற இரண்டும் ஆளைத் தாங்கும். ஒரே அறை உள்ள மலிவான விளையாட்டுப் படகோடு ஆற்றில் இறங்கவே கூடாது. காற்றை இறக்கி மடித்தால் ஒரு பெரிய பைக்குள் போய்விடும். எடை ஏறக்குறைய 15 கிலோ. இந்த வகையை நான் விரும்பியதற்கு முக்கியக் காரணம் பஸ்தான். கும்பகோணத்திலிருந்து திருவையாறு போகும் சாலை நெடுகக் காவிரிக்குப் பக்கத்திலேயே போகிறது. ஆற்றோடு இறங்கிப் போய், கரையேறி, மடித்துப் பையில் போட்டு, லக்கேஜ் டிக்கெட் எடுத்துப் பஸ்ஸில் திரும்பிவிடலாம். ஃபைபர் கயாக் என்றால் அதைத் தூக்கிப் போக ஒரு லோடு வண்டி வேண்டும்.

வாங்கிய உடனே மூன்று அறைக்கும் காற்றடித்துத் திண்ணையில் ஒரு ராத்திரி போட்டு வைத்தோம். காலையில் இடது பக்கம் மட்டும் தளர்ந்து கிடந்தது. மூன்றும் ஒரே அளவில் தளர்ந்திருந்தால் அது ராத்திரிக் குளிரில் உள்காற்று சுருங்கியதாக இருக்கும். ஒன்று மட்டும் தளர்ந்தால் கசிவுதான். துணி துவைக்கும் சோப்பைக் கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி ஒட்டுகள் எல்லாவற்றின் மீதும் அடித்துப் பார்த்தோம். ஒட்டில் ஒன்றும் இல்லை. வால்வின் கழுத்தைச் சுற்றித்தான் பொடிப் பொடியாக நுரை கிளம்பியது. வால்வைத் திருகிக் கழற்றினால் உள்ளே காற்றைத் தடுக்கும் மெல்லிய ரப்பர் தட்டின் விளிம்பில் மணல். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து மாட்டியதும் கசிவு நின்றுவிட்டது. ஆற்றங்கரையில் காற்றடிக்கும்போது பம்பை மணல்மேல் வைக்காமல் ஒரு தார்ப்பாய்த் துண்டை விரித்து அதன்மேல் வைக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

காற்று எவ்வளவு அடிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இந்த வகைப் படகுகளுக்கு 1 பி.எஸ்.ஐ. சுமார்தான். கார் டயருக்கு 30-க்கு மேல் அடிக்கிறோம். அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால் பஞ்சர் கடைக் கம்ப்ரசரைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. கடைக்காரர் பழக்கமானவராக இருந்தாலும் சரி, "லைட்டா வைக்கிறேன் தம்பி" என்று சொன்னாலும் சரி, ஒட்டு பிரிந்துவிடும். கைப்பம்பு போதும்.

அடுத்தது வெயில். விடியற்காலையில் 28 டிகிரியில் 1 பி.எஸ்.ஐ. அடித்த படகை மதியம் மணல்மேல் வெயிலில் போட்டால் உள்காற்று 50 டிகிரி வரைகூடப் போகும். வெளிக்காற்றின் அழுத்தமே 14.7 பி.எஸ்.ஐ. இருப்பதால் உள்ளே இருப்பதை 15.7 என்று வைத்துக் கணக்குப் போடவேண்டும். அந்த 22 டிகிரி ஏற்றம் அதை 16.8-க்குக் கொண்டுபோகும். அதாவது நாம் அடித்த 1 பி.எஸ்.ஐ. இரண்டுக்கு மேல் ஆகிவிடும். பி.வி.சி. கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் அவ்வளவு முழுதாக ஏறாது. ஆனால் ஒட்டுக்கு அது போதுமான கேடு. ஆகவே கரையில் நிறுத்தினால் நிழல், நிழல் இல்லாவிட்டால் ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவது. எதிர்ப்பக்கமும் உண்டு. வெயிலில் விறைப்பாக அடித்த படகு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் தொளதொளத்துப் போகும். முதலில் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, அப்புறம் மறுபடி பம்பு அடிப்பது நல்லது.

இனி அடிப்பாகம். படகு எவ்வளவு அமிழும் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். தண்ணீரைத் தொடும் தரைப்பரப்பு 1.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள், படகு, சாமான் எல்லாம் சேர்த்து 105 கிலோ என்றால் 7 செ.மீ.க்குள் அமிழும். இரண்டு பேர் என்றால் 10 செ.மீ.க்கு மேல். உட்காருகிற இடம் இன்னும் கொஞ்சம் தொங்கும். நாலு விரல், ஆறு விரல் தண்ணீரில் மிதந்துபோகும் படகு என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பெனி கொடுக்கிற ஃபின் என்ற செங்குத்துத் தகடு அடியில் ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கும். நேராகப் போவதற்காக வைப்பது அது. ஏரிக்கு அருமை. நம் ஆற்றில் ஒவ்வொரு மணல் திட்டிலும் முட்டி, தன் அடித்தளத்தையும் சேர்த்துப் பிய்க்கப் பார்க்கும்.

கழற்றிவிட்டு ஓட்டலாம். அப்போது தட்டை அடி உள்ள இந்தப் படகு ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கைத் திருப்பும். சின்னச் சின்னதாக, மெதுவாக, படகுக்கு ஒட்டினாற்போல் துடுப்பைப் போட்டால் ஓரளவு கட்டுப்படும். கை சீக்கிரம் அலுத்துவிடும். இதற்கு மச்சான் ஒரு வழி சொன்னார். அவர் போர்வெல் பைப் வேலை பார்ப்பவர், பி.வி.சி. அவருக்குக் கைவந்த விஷயம். உயரத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டினால் பரப்பு அதேதானே என்றார். 4 அங்குல பைப்பில் ஒரு துண்டை அறுத்து, நெடுக்காகப் பிளந்து, கொதிக்கும் தண்ணீரில் முக்கி வைத்தோம். கடின பி.வி.சி. 80 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும், கொதிநீரே போதும். நெருப்பில் காட்டவேண்டாம், கருகினால் வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும். இளகிய துண்டை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஆறவிட்டதும் தட்டையான தகடு கிடைத்தது. அதில் ஆக்சா பிளேடால் புது ஃபின்னை வெட்டினோம். உயரம் 5 செ.மீ., நீளம் 25 செ.மீ.க்குப் பக்கம். மேல் விளிம்பை மட்டும் பழைய ஃபின்னின் அடிப்பகுதியை அச்சாக வைத்து வெட்டி, படகின் காடிக்குள் நுழையும் அளவுக்கு அரத்தால் ராவி எடுத்தார். முன் விளிம்பைச் சாய்வாகவும் மழுங்கலாகவும் விடவேண்டும். அப்போதுதான் மணலில் ஏறும்போது குத்தி நிற்காமல் வழுக்கிக்கொண்டு மேலே வரும். ஆற்றில் இது பிரமாதமாக வேலை செய்தது. படகின் மூக்கு திரும்புவது முழுக்க நிற்கவில்லை, ஆனால் பின்னால் இருப்பவர் துடுப்பை லேசாகத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்தாலே நேராகிவிடும்.

அதற்கப்புறம் தரைக்குக் கவசம். ஆற்றில் படகு தேய்வது முழு அடியிலும் அல்ல. நாம் உட்காருகிற இடத்துக்கு நேர் கீழேதான். கீழிருந்து கல்லோ மட்டிச் சிப்பியோ முட்ட, மேலிருந்து நம் எடை அழுத்த, நடுவில் இருக்கும் பி.வி.சி. கிழிகிறது. எனவே இரண்டு வேலை. உள்ளே இருக்கைக்கு அடியில் ஒரு பழைய யோகா மேட்டை மடித்துப் போட்டால் எடை பரவிவிடும். வெளியே அந்த இடங்களில் மட்டும் பட்டை ஒட்டவேண்டும். லாரி தார்ப்பாய் தைக்கிற கடையில் பி.வி.சி. பூசிய கெட்டித் தார்ப்பாயின் வெட்டுத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். ஃப்ளெக்ஸ் பேனர் துண்டு வேண்டாம், மெலிசு.

பசைதான் இதில் முக்கியம். சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் ரப்பருக்கானது, பி.வி.சி.யில் பிடிக்காது. பைப்புக்குப் போடும் சால்வென்ட் சிமென்ட் காய்ந்ததும் விறைத்து, மடிக்கும்போது வெடித்துவிடும். செருப்புத் தைப்பவர்களிடம் மஞ்சளாக ஒரு பசை உண்டு. அது தோலுக்கும் ரப்பருக்கும். பி.வி.சி. சோல் ஒட்டுவதற்கென்று நிறமில்லாத பி.யு. (பாலியூரித்தேன்) பசை தனியாக வைத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது அது. பி.வி.சி.யை வளையச் செய்யும் எண்ணெய்ப் பொருள் நாளடைவில் மேலே கசிந்து மற்ற பசைகளை இளக்கிவிடும்; பி.யு. தாங்கும். ஒட்டும் முன் பரப்பைத் துடைக்க, செல்போன் ரிப்பேர் கடைகளில் சர்க்யூட் போர்டு கழுவுவதற்கு வைத்திருக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவம் ஒரு சின்ன பாட்டில் வாங்கிக்கொண்டோம்.

முறை இதுதான். காற்றை முழுக்க இறக்கி, அடிப்பாகம் மேலே வரும்படி சமதரையில் விரித்து, ஒட்டும் இடத்தையும் பட்டையையும் நைஸ் உப்புத்தாளால் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, ஐ.பி.ஏ.வால் துடைத்துக் காயவிட்டு, இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சு. அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டுவது போல இருந்து ஆனால் விரலில் வராத பதம் வந்ததும் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போகவேண்டும். அழுத்துவதற்குச் சப்பாத்திக் கட்டை. பட்டையின் மூலைகளை வட்டமாக வெட்டியே ஆகவேண்டும், கூர் மூலை என்றால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். ஒரு முழு நாள் அப்படியே கனம் ஏற்றி விட்டுவிடலாம்.

படகு தயார். தண்ணீருக்கு வருவோம். டெல்டாவில் ஆற்றில் எப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதை வானம் பாதி, ஷட்டர் பாதி முடிவு செய்கின்றன. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். வரத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுவது எத்தனை கனஅடி என்று செய்தித்தாளில் தினமும் வருகிறது. அந்தச் சின்னப் பெட்டிச் செய்தியைத்தான் நாங்கள் ஜாதகம் பார்ப்பது போலப் பார்த்தோம்.

ஒரு கனஅடி என்றால் நொடிக்கு 28.3 லிட்டர். 100 மீட்டர் அகலத்துக்கு, சராசரி 30 செ.மீ. ஆழத்தில், நொடிக்கு 40 செ.மீ. வேகத்தில் தண்ணீர் ஓடினால் நொடிக்கு 12,000 லிட்டர், அதாவது 420 கனஅடிக்குக் கொஞ்சம் மேல். ஆகவே சில நூறு கனஅடி ஓடினால் முழங்காலுக்குக் கீழ். பல ஆயிரம் என்றால் அது நமக்கான ஆறு அல்ல, ஆடி ஆவணியில் கரை தொட்டு ஓடும் காவிரியைப் படித்துறையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பவேண்டியதுதான். கல்லணையில் காவிரிக்கு விடுவது அப்படியே நம் இடத்துக்கு வருவதும் இல்லை. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிந்துவிடுகிறது, அங்கங்கே வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரியும் தலைப்பு இருக்கிறது. முறைப்பாசனம் நடந்தால் ஒரு வாரம் காவிரியில் தண்ணீர், மறு வாரம் வெண்ணாற்றுக்குப் போய்விடும். அதனால் செய்தித்தாளோடு நிறுத்தாமல் இறங்கப் போகும் ஊரில் ஒருவரிடம் போனில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

கொள்ளிடத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. அணைக்கரைப் பக்கம் முதலைகள் உண்டு, மணல் அள்ளிய பள்ளங்களும் ஆழம். காவிரியில், தை மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு என்று வைத்துக்கொண்டோம். ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர் வடிந்திருக்கும், கலங்கல் தெளிந்து அடி மணல் தெரியும், வெயிலும் ஏறாது.

கபிஸ்தலம் பக்கம் ஒரு படித்துறையில் விடிந்ததும் இறக்கினோம். மூடுபனி விலகாத நேரம். இறங்கியதும் முதல் வேலை, தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் பார்த்துக்கொண்டிருப்பது. விளிம்பு குச்சியைத் தாண்டி ஏறினால் மேலே எங்கேயோ ஷட்டர் தூக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அன்றைக்கு இறங்கக் கூடாது. வழியில் நின்ற இடங்களிலும் இதைச் செய்தோம். லைஃப் ஜாக்கெட் இருவருக்கும், கழுத்தில் விசில், காலில் பட்டை வைத்த செருப்பு, படகின் மூக்கில் 10 மீட்டர் கயிறு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது ஆபத்து, பிடித்துக்கொள்ள மட்டும்தான். எத்தனை மணிக்கு எங்கே ஏறுவோம் என்று வீட்டில் சொல்லியிருந்தோம்.

ஆழமில்லாத ஆற்றில் படகு ஓட்டுவது என்பது பாதிக்கு மேல் பார்ப்பதுதான். வளைவில் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் மணல் திட்டு. இது எல்லா ஆற்றுக்கும் பொது. ஆனால் வெளிப்பக்கக் கரையைத்தான் தண்ணீர் அரித்துக்கொண்டிருக்கும், மூங்கிலும் மரமும் சாய்ந்து கிடப்பதும் அங்கேதான். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், படகும் ஆளும் போகமுடியாது, அழுத்திப் பிடித்துவிடும். அதனால் வெளிப்பக்கத்தில் ஒட்டிப் போகாமல் ஆழத்தின் உள்விளிம்பில் போகவேண்டும். நேரான பகுதியில் மேற்பரப்பைப் பார்க்கலாம். பொடிப் பொடியாகச் சிலிர்த்து ஓடினால் அடியில் மணல் ஒரு சாண்தான். சிலிர்ப்புக்கு நடுவே வழவழவென்று ஒரு பட்டை தெரிந்தால் அதுதான் வழி. தண்ணீரில் ஆங்கில வி எழுத்து மாதிரி ஒரு கோடு விழுந்து அதன் கூர் நம்மைப் பார்த்து இருந்தால் அங்கே அடியில் முளையோ கல்லோ இருக்கிறது. கூர் கீழ்ப்பக்கம் இருந்தால் இரண்டு தடைக்கு நடுவே தண்ணீர் புகுந்து போகிறது, நாமும் போகலாம்.

தட்டி நின்றால் துடுப்பால் உந்தி இழுக்கக் கூடாது, அடி தேய்வது அப்போதுதான். முன்னால் இருப்பவர் இறங்கினாலே போதும். முன்னே சொன்ன கணக்கின்படி மூன்று நாலு செ.மீ. மேலே வந்து படகு தானாக விடுபடும். இறங்குவதற்கு முன் துடுப்பால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பது. மணல் எடுத்த குழி ஒரே அடியில் இடுப்பிலிருந்து தலைக்கு மேல் போய்விடும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் நடக்கவே வேண்டாம், கால் எதிலாவது சிக்கினால் ஆற்றின் விசை ஆளைக் கீழே தள்ளும்.

உமையாள்புரத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் கரையில் வீச்சு வலையை உதறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, இந்தக் கரையோரமா வராதீங்க. மூங்கி முளை அடிச்சுக் கெடக்கு, வலைக்கு."

"சரிங்க ஐயா. எந்தப் பக்கமா போகலாம்?"

"அந்தா நாணல் தெரியுதுல்ல, அதை ஒட்டிப் போங்க. தண்ணி கறுப்பா தெரியும் பாருங்க, அதுலயே போயிருங்க. அங்கிட்டு தாண்டுனா ஒரு சுவரு இருக்கு, படகுல எறங்கிராதீங்க."

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியே தீரவேண்டும். ஆற்றின் அடி மணல் அரித்துத் தாழ்ந்துபோனால் கிளை வாய்க்கால்களின் தலைப்புக்குத் தண்ணீர் ஏறாது. அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டுவது படுக்கை அணை. மேலிருந்து வரும்போது ஒரு நேர்க்கோடு மட்டும்தான் தெரியும். முழங்கால் உயரம்தானே, படகோடு வழுக்கி இறங்கிவிடலாம் என்று தோன்றும். சுவருக்குக் கீழே விழுகிற தண்ணீர் அடியில் போய் மறுபடி சுவரை நோக்கியே சுருண்டு திரும்புகிறது. படகு அந்தச் சுருளில் மாட்டினால் குறுக்காகத் திரும்பிச் சுவரோடு நிற்கும், கவிழும், ஆளையும் விடாது. நீரளவு கூடினால் இந்தச் சுருளின் பிடியும் கூடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப்பட்ட இடங்களில் போயிருக்கிறார்கள். ஆகவே சத்தம் கேட்டதுமே, கோடு தெரிந்ததுமே, நல்ல தூரத்தில் கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்து, சுவருக்குக் கீழே கொந்தளிப்பெல்லாம் அடங்கிய இடத்தில் இறக்கவேண்டும். 15 கிலோ படகின் அருமை அங்கே தெரியும், இருவர் முன்னும் பின்னும் பிடித்தால் நிமிடத்தில் கடந்துவிடலாம். ஷட்டர் வைத்த நீரொழுங்கிகளுக்கு இதைவிடக் கடுமையான விதி. மேல்பக்கம் தண்ணீர் அசையாமல் நிற்பது போலத் தெரியும், ஷட்டருக்கு அடியில் இழுத்துக்கொண்டிருக்கும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளையே அடித்துக்கொண்டு போன ஆறு இது.

சுவரைத் தாண்டிய பகுதிதான் வழி நெடுக எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பக்கமும் வாழை, மூங்கில். வாழைக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வயலில் அறுவடை இயந்திரம் ஓடும் சத்தம். அறுவடைக்குச் சில நாள் முன்பே உளுந்தைத் தெளித்திருப்பார்கள், நெல் போனதும் அந்த ஈரத்திலேயே அது வரும். திட்டில் நத்தைகுத்தி நாரைகள் இரண்டு மூன்று நின்றன, நீர்க்காகம் ஒன்று மூங்கில் முளையில் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. சத்தம் போடாத படகு என்பதால் ஒன்றும் பறக்கவில்லை. கரைச் சாலையில் ஆயிரம் தடவை பஸ்ஸில் போனாலும் காவிரி இப்படிக் கிடைக்காது.

படித்துறைகளைக் கடக்கும்போது ஒரு மரியாதை இருக்கிறது. பெண்கள் குளிக்கிற, துவைக்கிற துறை என்றால் தூரத்திலேயே குரல் கொடுத்துவிட்டு எதிர்க்கரைப் பக்கமாக, முன்னால் பார்த்தபடி போய்விடவேண்டும். காரியம் நடக்கும் துறை என்றால் மேலேயே ஒதுங்கி நின்று, முடிந்த பிறகு போகவேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது.

முள் குத்தியது அதற்கப்புறம். யாரோ வெட்டித் தள்ளிய சீமைக்கருவேலக் கிளை ஒன்று திட்டின் ஓரத்தில் பாதி மணலில் புதைந்து கிடந்தது. படகு அதன்மேல் ஏறி இறங்கியதும் என் காலுக்குக் கீழே தரை மெதுவாகத் தளர்ந்தது. இடப்பக்கம் முத்து முத்தாகக் குமிழி வரிசை. திட்டில் ஏற்றிக் கவிழ்த்துப் பார்த்தோம். நாங்கள் ஒட்டிய பட்டைக்கு இரண்டு விரல் வெளியே, தரை அறையில் முள் ஒடிந்து நின்றது. முள்ளைப் பிடுங்கும் முன் பேனாவால் சுற்றி வட்டம் போட்டுவிடவேண்டும். பிடுங்கியதும் ஓட்டை மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

பசை போட்டுக் காயவைக்க அங்கே நேரம் இல்லை. இதற்கென்றே தார்ப்பாய் ஒட்டும் டேப் கொஞ்சம் வைத்திருந்தோம். தரை அறையின் காற்றை இறக்கி, பழைய வேட்டித் துண்டால் ஈரத்தையும் மணலையும் துடைத்து, வெயிலில் காயவிட்டு, ஐ.பி.ஏ. தொட்டுத் துடைத்து, டேப்பை ஓட்டையைச் சுற்றி மூன்று விரல் விழும் அளவுக்கு, மூலைகளை வட்டமாகக் கத்தரித்து ஒட்டி, உள்ளங்கைச் சூடு ஏறும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார் மச்சான். ஈரத்தின்மேல் எந்த டேப்பும் நிற்காது. இதில் அவசரமே கூடாத இடம் அந்தக் காயவைப்புதான். தரைக்குக் காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்துக்கொண்டு கிளம்பினோம். சுவாமிமலை வரும்வரை அது அசையவில்லை.

வீட்டுக்கு வந்து டேப்பை உரித்து, அதன் பிசின் முழுக்கப் போகும்வரை ஐ.பி.ஏ.வால் துடைத்து, தார்ப்பாய் வட்டம் ஒன்று வெட்டி, முன்னே சொன்ன அதே முறையில் பி.யு. பசை போட்டு ஒட்டினோம். ஒட்டு முழுதாக இறுகியதா என்பதைப் பஞ்சர் கடைத் தொட்டியில் முக்கிப் பார்க்க முடியாது; சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம், நுரை இல்லை. கூடவே பட்டைகளையும் பார்த்தோம். பின் இருக்கைக்கு அடியில் இருந்த பட்டை நன்றாகத் தேய்ந்திருக்கிறது, முன் பட்டையில் கீறல்கூட இல்லை. பின்னால் உட்காருபவரின் எடைதான் அடியில் முதலில் தொடுகிறது. பின்பட்டையை இன்னும் அகலமாக, பக்க அறைகளின் வளைவு தொடங்கும் இடம்வரை இழுத்து ஒட்டியிருக்கிறோம். முள் குத்திய இடமும் அதற்குள் வந்துவிட்டது.

கடைசியாகப் பத்திரப்படுத்துவது. ஆற்று மணலோடு மடித்தால் மடிப்புக்குள் மணல் உப்புத்தாள் வேலை செய்யும். நல்ல தண்ணீரில் கழுவி, தரை அறைக்கும் பக்க அறைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் விரலை விட்டு மணலை எடுத்து, நிழலில் முழுக்கக் காயவைத்து, ஒவ்வொரு தடவையும் மடிப்பு வேறு வேறு இடத்தில் விழும்படி மடிக்கவேண்டும். எங்கள் வீட்டில் நெல் வைக்கும் அறையில் எலி உண்டு, பி.வி.சி.யை விடாது, அதனால் மூடி போட்ட தகர டிரம்முக்குள் வைத்திருக்கிறோம். கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றில் இறக்கவேண்டும் என்று மச்சான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள் பார்த்த இடத்தில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடக்கின்றன. தூர்வாரி முடித்து, தண்ணீர் திறந்து, முதல் வேகம் அடங்கிய பிறகு போய்ப் பார்க்கவேண்டும்.